அப்பா கை நீட்டி வாங்கிய ஓ.டி.

நர்சிங் படிப்பை முடித்துவிட்டு நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஸ்ரீபெரும்புதூரில், பெங்களூர் போகும் பெரிய ரோட்டை ஒட்டியிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். எண்பதுகளின் தொடக்கம் அது. ரோட்டில் லாரி கவிழ்ந்தாலும், அக்கம்பக்கத்துக் கம்பெனிகளில் யாருக்காவது மிஷினில் கை மாட்டினாலும் முதலில் எங்களிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். மெட்ராஸ் வரை தாங்காது என்று தோன்றும் கேஸ் எல்லாம் எங்கள் கேஸ்.

ஆஸ்பத்திரியின் சொந்தக்காரரை அந்த வட்டாரமே பெரிய டாக்டர் என்று அழைத்தது. என் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தபோது ஒரு பைசா வாங்காமல் ஆபரேஷன் செய்தவர் அவர். வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அப்பா சபை உபதேசியாராக இருந்தார். ஆயர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடத்துவார், வீடு வீடாகப் போய் ஜெபம் செய்வார், சாவு வீடுகளில் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். அவருக்கு மிஷனிலிருந்து வரும் சம்பளம் ஒரு மாதம் வரும், மறு மாதம் வராது. அறுவடைப் பண்டிகையில் சபையார் கொடுக்கும் நெல், யாரோ கொடுக்கும் வேட்டி, யாரோ கொடுத்த சைக்கிள். எங்கள் வீட்டில் இருந்த எல்லாமே யாரோ கொடுத்தவை. எதை வாங்கினாலும் அப்பா இரண்டு கையாலும் வாங்குவார். வாங்கிய இடத்திலேயே கண்ணை மூடி ஜெபம் செய்வார்.

வேலை கேட்டு நான் போன அன்று பெரிய டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்து, "உபதேசியார் பொண்ணா நீ? நல்லா வளர்ந்துட்டியே" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "ஆரம்பச் சம்பளம் கொஞ்சம் கம்மிதாம்மா. ஆனா நைட் டூட்டிக்குத் தனியா இன்சென்டிவ் உண்டு. டூட்டி நேரம் முடிஞ்சும் நிக்க வேண்டி வந்தா ஓ.டி. போட்டுக் குடுத்துருவோம்."

நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பிற்பாடு எல்லோரும், நான் உட்பட, அதை மறந்துவிட்டோம் என்பதுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா முழங்கால் போட்டு டாக்டருக்காக ஜெபம் செய்தார்.

எங்கள் பேட்சில் படிப்பு முடித்து வந்த கையோடு சேர்ந்தவர்கள் ஐந்து பெண்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஷீட் போட்ட ஓர் அறையில் எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். எங்களில் மூத்தவள் நாகர்கோவில் பக்கத்துப் பெண். வாய்க்குள் ஊசி நூலைக் கடித்துக்கொண்டே கதை சொல்வாள். யார் உடுப்பு கிழிந்தாலும் அவள்தான் தைத்துக் கொடுப்பாள். நாங்கள் அவளை அக்கா என்போம்.

சேர்ந்து கொஞ்ச நாளிலேயே ஒரு காலை, எங்கள் இரவு டூட்டி முடிந்து கொண்டையை அவிழ்க்கப் போகும் நேரத்தில், ரோட்டில் பஸ்ஸும் லாரியும் மோதின. பகல் டூட்டிக்கு வந்தவர்களால் சமாளிக்க முடியாது என்று பார்த்தாலே தெரிந்தது. யாரும் எங்களை நிற்கச் சொல்லவில்லை. நாங்கள் நின்றோம். வராந்தாவில் பாய் விரித்து ஆட்களைப் படுக்க வைத்தோம். பல் துலக்காத வாயோடு நான் ஒரு கிழவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தையல் போடும் வரை பிடித்திருந்தேன். மத்தியானம் போய்ச் சாயங்காலமும் வந்தது. பெரிய டாக்டர் எங்களுக்கு டீயும் பன்னும் வாங்கி வரச் சொன்னார். "நல்ல பொண்ணுங்க" என்றார். அந்தச் சொல்லே அப்போது போதுமாக இருந்தது.

மாதச் சம்பளக் கவரில் சம்பளம் மட்டும் இருந்தது. இன்சென்டிவும் இல்லை, ஓ.டி.யும் இல்லை. அடுத்த மாதம் சேர்த்துக் கொடுப்பார்கள் என்று நினைத்தோம். அடுத்த மாதமும் இல்லை. ஆள் பற்றாக்குறையால் இரவு முடிந்து பகலும் நிற்பது எங்களுக்கு வழக்கமாகிப் போனது. கேட்கலாமா என்று ஒருத்தி ஆரம்பித்தால் இன்னொருத்தி பேச்சை மாற்றுவாள். பணத்தைப் பற்றிப் பேசுவது அந்த அறையில் தீட்டுத் துணியைக் கொடியில் காயப் போடுவது போல இருந்தது.

அந்தச் சமயத்தில் ஆண்கள் வார்டில் ஒரு கம்பெனித் தொழிலாளி படுத்திருந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். பிரஸ் மிஷினில் மாட்டி இரண்டு விரல் நசுங்கியிருந்தது. பேசாமல் இருக்கத் தெரியாத மனிதர். ஒரு நாள் காலையில் நான் அவர் வாயில் தெர்மாமீட்டரை வைக்கப் போனபோது கேட்டார்:

"இன்னா சிஸ்டர், நேத்து நைட்டும் நீதான் இருந்த. இப்பவும் நீதான் கீற. வூட்டுக்குப் போவலியா?"

"ஆள் வரலைண்ணே. இன்னைக்கும் நான்தான்."

"அப்போ ஓ.டி.தான் உனக்கு! எங்களுக்கெல்லாம் ஓ.டி.ன்னா டபுள். போன மாசம் அந்தத் துட்டுலதான் எங்கூட்டுக்காரி கம்மல அடகுலேந்து மூட்டுகினு வந்தேன். உங்களுக்கு எப்டி, டபுளா ஒண்ணரையா?"

"ஒண்ணரை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நிற்கிறேன். எண்ணெய்க் கறை போகாத நகத்தோடு அவர் படுத்திருக்கிறார். என் உழைப்புக்கு விலையே இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

அவர் அதற்கே கொதித்துப் போனார். "உசுரக் காப்பாத்துறவங்களுக்கு ஒண்ணரைதானா? அநியாயமா கீதே! டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும், நான் கேக்குறேன்."

"ஐயோ, வேண்டாம்ண்ணே" என்று அவர் வாயில் தெர்மாமீட்டரைத் திணித்தேன். காது இரண்டும் எரிந்தன.

அறைக்கு வந்து இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நீ எதுக்குட்டீ வெக்கப்படணும்? தாறேன்னு சொன்னது அவரு. நாம போயிக் கேப்போம்."

"யார் பேசறது?"

"நீதான். உனக்க அப்பாவ அவருக்குத் தெரியும். நீ கேட்டா கோவப்பட மாட்டாரு."

மறுநாள் ஓ.பி. முடிந்த பிறகு ஐந்து பேரும் பெரிய டாக்டர் அறைக்குப் போனோம். அவர் வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "டாக்டர், சேரும்போது நைட் இன்சென்டிவும் ஓ.டி.யும் உண்டுன்னு சொன்னீங்க. இதுவரைக்கும் வரல. அதான் கேட்டுட்டுப் போகலாம்னு..."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"நீங்க நர்ஸா, கம்பெனி லேபரா?"

துண்டை மடித்து வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அவன் மிஷின் முன்னாடி நிக்கறான். சங்கு ஊதினா கையைத் தட்டிட்டுப் போயிடுவான். நீங்க யார் முன்னாடி நிக்கறீங்க? ஒருத்தன் வலியில துடிக்கறப்போ மணி பார்த்துக்கிட்டு நிப்பீங்களா?"

அக்காதான் பதில் சொன்னாள். "மணி பாத்துட்டு நிக்கல்ல டாக்டர். நின்னு முடிச்சதுக்கு அப்புறம்தான் கேக்கோம்."

அவர் அவள் பக்கமே திரும்பவில்லை. என்னையே பார்த்தார். "உபதேசியார் பொண்ணு நீ. உங்கிட்ட நான் இதை எதிர்பார்க்கல." பிறகு குரலை இறக்கி, "அம்மா எப்படி இருக்காங்க?" என்றார்.

"நல்லா இருக்காங்க டாக்டர்."

"சரி, போங்க."

நான்தான் முதலில் வெளியே வந்தேன். வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்தாள். நான் உதறிக்கொண்டேன். அம்மாவின் வயிற்றில் இருந்த தழும்பு கண்முன் வந்து வந்து போனது. அந்தத் தழும்புக்கு நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை. நானோ இரவில் விழித்திருந்ததற்குக் காசு கேட்டு நின்றிருக்கிறேன். அன்று எனக்கு அவை இரண்டும் வேறு வேறு கணக்கு என்று படவே இல்லை.

மற்ற நான்கு பேருக்கும் அப்பா அம்மா தூரத்து ஊர்களில். என் அப்பாவுக்குத்தான் ஆள் அனுப்ப முடிந்தது. அந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள்.

அப்பா ஆராதனைக்குப் போடும் வெள்ளை ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்தார். கேரியரில் ஒரு பை நிறைய வேர்க்கடலை. எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. பெண் ஏதாவது மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டாளோ என்று வழி முழுக்கப் பயந்துகொண்டு வந்ததாகப் பிறகு அம்மா சொன்னாள்.

பெரிய டாக்டர் அவரைத் தன் அறைக்குள் கூப்பிடவில்லை. ஓ.பி. ஹாலுக்கு அவரே வந்தார். பெஞ்சுகளில் நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். டாக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "உபதேசியாரே, உங்க பொண்ணு நல்லா வேலை செய்யறா. ஆனா இந்த வயசுலயே ஓ.டி. அது இதுன்னு கணக்குப் பேச ஆரம்பிச்சுட்டா. ஊழியம் செய்யற வீட்டுப் பொண்ணு. உங்க காதுல போடணும்னு தோணுச்சு."

அப்பாவின் முகம் சுருங்கியது. கையிலிருந்த பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுடுங்க ஐயா. சின்னப் பொண்ணு. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. இவளுக்கா தோணியிருக்காது."

அந்த 'யாரோ' என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயாகிட்ட மன்னிப்புக் கேளும்மா" என்றார் அப்பா.

"மன்னிச்சுடுங்க டாக்டர்" என்றேன். என் குரல் பெஞ்சின் கடைசி வரை கேட்டது. பிள்ளைப்பாக்கத்துக்காரர் கையில் கட்டோடு வார்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரின் முகம் இளகியது. சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். "பொண்ணுங்க கஷ்டப்படலைன்னு நான் சொல்லல. இதை வீட்டுச் செலவுக்கு வச்சுக்கங்க. ஏதோ என்னால ஆனது" என்று அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்படியே கண்ணை மூடி உரக்க ஜெபிக்கத் தொடங்கினார். டாக்டரின் கைகளுக்காக, அந்தக் கைகள் தொடும் நோயாளிகளுக்காக, அவர் குடும்பத்துக்காக. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சாமி கும்பிடுகிறவர்கள்கூடக் கை கூப்பினார்கள். அப்பாவின் ஜெபம் எப்போதும் நன்றாக இருக்கும். அன்றைக்கு இன்னும் உருக்கமாக இருந்தது. கழுத்து எலும்பு தெரியக் குனிந்திருந்த அவர் பிடரியைப் பார்த்தேன். அதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்பாவைப் பார்த்துக் கூசுகிறேனே என்று அதற்கும் சேர்த்துக் கூசினேன். என் கூலி பிச்சையாக மாறி என் கண்முன்னே இன்னொரு கைக்குப் போகிறது, அதற்கு ஆமென் சொல்ல வேண்டியவள் நான். சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது அக்கா கண்ணை மூடியிருக்கவே இல்லை என்று தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

மற்ற நான்கு பேருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அவர்களுக்காகக் கை நீட்ட அங்கே அப்பாக்கள் இல்லை.

அந்த வார விடுமுறையில் ஊருக்குப் போய் அப்பாவிடம் கவரைக் கேட்டேன். அதைப் பங்கு வைத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் அறையில் தலை நிமிர்ந்து உட்காரலாம் என்று நினைத்தேன். ஆனால் தசமபாகமாகப் பத்தில் ஒரு பங்கு சபைக்குப் போயிருந்தது. மீதி மளிகைக் கடைப் பாக்கிக்கும் கூரைக்கும் போயிருந்தது. "டாக்டர் எனக்குக் குடுத்த உதவிம்மா அது. உனக்கு எதுக்கு?" என்று அப்பா வெகுளியாகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, தேவன் ஒரு நல்ல மனிதர் மூலமாகத் தேவையைச் சந்தித்தார் என்று சாட்சி சொன்னார். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நான் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டேன்.

அறையில் யாரும் என்னிடம் சண்டை போடவில்லை. எனக்குத் தட்டில் சோறு வைத்தார்கள், கொண்டை போட்டுவிட்டார்கள். ஆனால் நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒரு நாள் அக்காவிடம், "நான் என்ன பண்ணியிருக்கணும், சொல்லுங்க" என்று அழுதேன்.

"ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றாள். "உனக்க அப்பாக்க முன்னால வச்சு உன்னால என்ன பேச முடியும்? அது டாக்டருக்குத் தெரிஞ்சுதான கூப்பிட்டு விட்டாரு." சில வாரங்களில் பம்பாய் ஏஜெண்ட் ஒருவர் மூலமாக அவளுக்கு சவூதியில் வேலை கிடைத்தது. போகும்போது என் உடுப்பின் பித்தானைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

எனக்கு வழி காட்டியவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். கட்டு மாற்ற வந்தவர், அன்றைக்குப் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "மறைமலை நகர்ல புதுசா ஒரு பிளான்ட் வந்துகினு கீது சிஸ்டர். ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு நர்ஸ் தேடுறாங்க. எங்க சித்தப்பா பையன் அங்கதான் கீறான். போய்ப் பாரு" என்றார். ஒண்ணரை என்று நான் சொன்ன பொய்யைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.

அந்தப் பிளான்டில் எனக்கு வேலை கிடைத்தது. மூன்று ஷிப்டு. ஒரு சாயங்காலம் ஆவி அடித்து இரண்டு பேருக்குக் கை வெந்துபோனது. என் ஷிப்டு முடிந்தும் அவர்களை வேனில் அனுப்பும் வரை நின்றேன். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் ஓ.டி. என்று தனி வரி இருந்தது. நைட் ஷிப்டு அலவன்ஸ் என்று இன்னொரு வரி. தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, வேலை நேரக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸுக்குப் போனேன்.

அங்கிருந்த கிளார்க் சீட்டைப் பார்த்தார். "அன்னிக்கி நின்னியா இல்லையா?"

"நின்னேன் சார்."

"அப்புறம் இன்னாம்மா? வாங்கிக்கினு போ."

"ரொம்ப தேங்க்ஸ் சார்."

அவர் சிரித்துவிட்டார். "எனக்கு எதுக்கு தேங்க்ஸு? என் துட்டா அது?"

பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். கேலி இல்லை. ஆனாலும் நான் திருடியது போலக் கவரை மடித்துக் கைப்பைக்குள் சொருகிக்கொண்டு வேகமாக வெளியே வந்தேன். அந்தக் கூச்சம் போகப் பல மாதங்கள் பிடித்தன.

பணத்தை அப்பாவிடம் கொடுத்தேன். வழக்கம்போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "வழக்கத்த விட ஜாஸ்தி இருக்கே. யாரும்மா குடுத்தது? மேனேஜரா? நான் ஒரு நாள் வந்து அவரப் பாத்து நன்றி சொல்லிட்டு வரேன்" என்றார்.

அவர் ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு டைம் ஆபீஸ் வாசலில் நின்று கண்ணை மூடும் காட்சி என் கண்முன் வந்தது.

"யாருக்கும் நன்றி சொல்ல வேணாம்ப்பா" என்றேன். சத்தம் போட்டுத்தான் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இது நான் வேலை நேரம் முடிஞ்சும் நின்னதுக்குக் கூலி. அன்னிக்கு டாக்டர் உங்க கையில குடுத்தாரே, அதுவும் இதேதான். தரேன்னு அவர் வாயால சொன்ன பணம்."

அப்பா கையிலிருந்த நோட்டுகளைப் பார்த்தார். "அது உன் சம்பளமா?"

"ஆமாம்பா."

"உதவின்னுதானே சொன்னாரு?"

அவர் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, "அப்போ அந்த மத்த பொண்ணுங்களுது?" என்று கேட்டார்.

"யாருக்கும் குடுக்கல."

அன்று அவர் சாப்பிடவில்லை. அவரைச் சுட்டுவிட்டோமே என்று வருந்தினேன். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது. சபையில் எல்லோர் முன்னாலும் சாட்சி சொன்ன மனிதர் அவர்.

அதற்கப்புறம் நடந்ததை அப்பா என்னிடம் சொன்னதே இல்லை. எங்கள் ஐவரில் அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் இருந்த ஒரு தோழியைச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது அவள் சொன்னாள். அப்பா சைக்கிளில் அங்கே போயிருக்கிறார். ஓ.பி. சீட்டு வாங்கி நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தன் முறை வந்ததும் பெரிய டாக்டர் முன்னால் நின்று, "அன்னைக்கு என் கையில குடுத்தது இந்தப் பொண்ணுங்க எல்லாருக்கும் உள்ளதுன்னு எனக்குத் தெரியாம போச்சு ஐயா. மத்தவங்களுக்கும் குடுத்துடுங்க" என்று கேட்டிருக்கிறார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"உட்காரக்கூடச் சொல்லல. 'உங்க வீட்டுக்கு நான் செஞ்சதெல்லாம் மறந்துடுச்சா உபதேசியாரே'ன்னு கேட்டார். உங்க அப்பா, 'மறக்கல ஐயா, அதுக்கு இன்னைக்கும் ஜெபம் பண்றேன்'னார். அப்புறமும் போகாம அப்படியே நின்னார். டாக்டர் வெளிய அனுப்பச் சொன்னதும் வார்டு ஆள் வந்து கூட்டிட்டுப் போனான்."

பணம் வரவில்லை. ஆனால் அடுத்த வருடம் சேர்ந்த பெண்களுக்கு நைட் இன்சென்டிவ் மட்டும் கொடுக்க ஆரம்பித்ததாக அவள் சொன்னாள். அப்பா போனதாலா, ஆள் கிடைக்காததாலா, யாருக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டில் நின்று அதைக் கேட்டபோது, ஓ.பி. ஹாலில் நான் பார்த்துக் கூசிய அந்தப் பிடரிதான் நினைவுக்கு வந்தது. வார்டு ஆள் அதன் மேல் கை வைத்துத் தள்ளினானா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

தோழியைப் பார்த்த அந்த வருடக் கடைசியில் அம்மாவுக்கு மறுபடி வயிற்று வலி வந்தது. அப்பா செங்கல்பட்டு அரசுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நானும் லீவு போட்டுக் கூடப் போனேன். கூட்டம் நெரிந்தது. தரையில் ஈரம். "ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் கிட்டப் போயிருந்தா இந்நேரம் பாத்துட்டு வூட்டுக்கே போயிருக்கலாம். எதுக்கு இங்க வந்து சாவணும்?" என்று அம்மா முனகினாள். அப்பா அங்கே போய் நின்ற கதை அவளுக்குத் தெரியாது.

"இங்கயும் நல்லாத்தான் பாப்பாங்க" என்றார் அப்பா. என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து, அம்மாவுக்கு டீ வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார்.